ஓவர்கிளாக்கிங்கும் செயலியின் நிலைப்புச் சோதனையும்

கணினியின் மையச் செயலியை அதன் தயாரிப்பாளர் உறுதியளித்த வேகத்தைவிடக் கூடுதலான வேகத்தில் இயக்குவது ஓவர்கிளாக்கிங் எனப்படும். மிகைவேகமூட்டல் என்று தமிழில் சொல்லலாம். ஆனால் கணினிக் கடையிலும் பழுதுபார்க்கும் மேசையிலும் ஆங்கிலச் சொல்லே வழங்குகிறது. வேகத்தைக் கூட்டுவது ஐந்து நிமிட வேலை. கூட்டிய வேகத்தில் செயலி தரும் விடைகள் சரியானவையா என்று பார்ப்பதற்கு நாள்கணக்காகும். இந்த இரண்டாம் வேலையே நிலைப்புச் சோதனை. பலரும் முதல் வேலையைச் செய்துவிட்டு இரண்டாவதை அரைமணி நேரத்தில் முடித்துக்கொள்கிறார்கள். ஓவர்கிளாக்கிங்கால் வரும் தொல்லைகளில் பல அங்கேதான் தொடங்குகின்றன.

ஒரு செயலி எவ்வளவு வேகம் தாங்கும் என்பது அதன் சில்லை மட்டும் பொறுத்ததல்ல. அறையின் வெப்பம், காற்றின் ஈரம், வீட்டுக்கு வரும் மின்சாரத்தின் தரம் ஆகியவையும் அதைத் தீர்மானிக்கின்றன. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் முட்டத்தை அடுத்துள்ள கடியப்பட்டணம் போன்ற ஊரில் ஓடும் கணினிக்கு, குளிர்நாட்டு ஆய்வறையில் சோதித்து வெளியிடப்பட்ட எண்கள் அப்படியே பொருந்துவதில்லை. எனவே கடலோரச் சூழலுக்குரிய செய்திகளும் இக்கட்டுரையில் சேர்க்கப்பட்டுள்ளன.

கடிகாரத் துடிப்பு

செயலிக்குள் இருக்கும் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் ஒரே தாளத்துக்குக் கட்டுப்பட்டு வேலை செய்கின்றன. அந்தத் தாளமே கடிகாரத் துடிப்பு. ஒரு துடிப்பு விழும்போது பதிவகங்களிலிருந்து மின்குறிகள் புறப்படுகின்றன. கூட்டல், ஒப்பிடல் போன்றவற்றைச் செய்யும் சுற்றுகளின் வழியே ஓடி, அடுத்த துடிப்பு விழுவதற்குள் அடுத்த பதிவகத்தின் வாசலில் வந்து நிலைகொள்ள வேண்டும். 4.5 ஜிகாஹெர்ட்ஸ் வேகத்தில் இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரம் ஏறத்தாழ 0.22 நானோநொடி. அந்த நேரத்தில் ஒளிகூட ஏழு சென்டிமீட்டர் கடப்பதில்லை.

எல்லாப் பாதைகளும் ஒரே அளவு நேரம் எடுப்பதில்லை. மிக அதிக நேரம் எடுக்கும் பாதையை நெருக்கடிப் பாதை என்பார்கள். துடிப்பை விரைவாக்கினால் முதலில் தவறுவது அதுதான். தவறும் விதம் கவனிக்கத்தக்கது. பிந்தி வரும் மின்குறிக்காகப் பதிவகம் காத்திருப்பதில்லை. அந்தக் கணத்தில் வாசலில் என்ன இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்கிறது. 1 வரவேண்டிய இடத்தில் பழைய 0 பதிவாகிறது. எந்த மணியும் அடிப்பதில்லை. அந்தப் பிட் ஒரு முகவரியின் பகுதியாக இருந்தால் கணினி உறைந்து போகும், நீலத்திரை தோன்றும். ஒரு படத்தின் நிறமாகவோ ஒரு கணக்கின் இலக்கமாகவோ இருந்தால் எதுவும் நடக்காதது போலவே வேலை தொடரும்.

செயலியின் வேகம் இரண்டு எண்களின் பெருக்கல்: அடிப்படைத் துடிப்பும் பெருக்கியும். இன்றைய மேசைக்கணினிகளில் அடிப்படைத் துடிப்பு பொதுவாக 100 மெகாஹெர்ட்ஸ். பெருக்கி 45 என்றால் 4.5 ஜிகாஹெர்ட்ஸ். இவ்விரண்டில் ஒன்றைப் பயாஸ் அமைப்பில் மாற்றுவதுதான் ஓவர்கிளாக்கிங்.

மிச்சம் எங்கிருந்து வருகிறது

ஒரே சிலிக்கன் தட்டில் அச்சாகும் சில்லுகள் எல்லாம் ஒரே தரத்தில் அமைவதில்லை. தயாரிப்பாளர் ஒவ்வொன்றையும் சோதித்து, தாங்கும் வேகத்துக்கேற்பத் தரம் பிரித்து வெவ்வேறு பெயரில் விற்கிறார். தரம் பிரிக்கும்போது, அனுமதிக்கப்பட்ட மிக அதிக வெப்பம், மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கம், சில ஆண்டுகள் உழைத்த பின் வரும் தேய்வு ஆகிய அனைத்துக்கும் இடம்விட்டே வேகத்தைக் குறிக்கிறார். அந்த இடைவெளியைத்தான் ஓவர்கிளாக் செய்பவர் எடுத்துப் பயன்படுத்துகிறார். இலவசமாகக் கிடைப்பது போலத் தோன்றினாலும் அது வேறு ஒன்றுக்காக ஒதுக்கி வைக்கப்பட்டது.

சில வேளைகளில் இடைவெளி அளவுக்கு மீறிப் பெரியதாக இருந்தது. 1998 ஆகஸ்டில் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ இதற்குப் பேர்போன எடுத்துக்காட்டு. 66 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை 4.5 ஆல் பெருக்கி 300 மெகாஹெர்ட்ஸில் ஓடும்படி விற்கப்பட்ட மலிவுச் செயலி அது. துடிப்பை 100க்கு மாற்றினால் 450 மெகாஹெர்ட்ஸ். அதாவது ஒன்றரை மடங்கு. சில்லிலேயே அமைந்து முழு வேகத்தில் ஓடிய 128 கிலோபைட் தற்காலிக நினைவகமும் இருந்ததால், பல மடங்கு விலையுள்ள பென்டியம் 2 செயலியோடு பல வேலைகளில் அது போட்டியிட்டது. சந்தைக்காக வேகம் குறைத்து விற்கப்பட்ட நல்ல சில்லுகள் பல அதில் இருந்தன.

அதே காலத்தில் வேறொரு கூட்டமும் இந்த இடைவெளியைப் பயன்படுத்தியது. மலிவான செயலியின் மேல் எழுத்தைச் சுரண்டி, கூடுதல் வேகம் அச்சிட்டு விற்பது உலகெங்கும் நடந்தது. பெருக்கியைத் தயாரிப்பாளர்கள் பூட்டியதற்கு இந்த மோசடியும் ஒரு காரணம். பின்னாளில் பூட்டாத செயலிகளைத் தனி வகையாகக் கூடுதல் விலைக்கு விற்கத் தொடங்கினார்கள். 2011 ஜனவரியில் வந்த இன்டெல் கோர் ஐ5-2500கே அவற்றில் புகழ்பெற்றது. 3.3 ஜிகாஹெர்ட்ஸ் அடிப்படை வேகம் கொண்ட அதைப் பலர் 4.5 ஜிகாஹெர்ட்ஸில் ஆண்டுக்கணக்கில் ஓட்டினார்கள். ஏ.எம்.டி.யின் ரைசன் செயலிகள் 2017 முதல் பெரும்பாலும் பூட்டின்றியே வருகின்றன.

இன்றைய செயலிகளில் அந்த அளவு மிச்சம் இல்லை. டர்போ எனப்படும் தானியங்கி ஏற்பாடு, வெப்பமும் மின்திறனும் இடங்கொடுக்கும் வரை வேகத்தைத் தானே கூட்டிக்கொள்கிறது. கையால் கூட்டுவதற்கு எஞ்சியிருப்பது சில விழுக்காடுதான்.

மின்னழுத்தமும் வெப்பமும்

மின்னழுத்தத்தைக் கூட்டினால் டிரான்சிஸ்டர்கள் விரைவாகத் திறந்து மூடும். நெருக்கடிப் பாதையின் நேரம் குறையும். எனவே வேகத்தோடு மின்னழுத்தத்தையும் சற்றே ஏற்றுவது வழக்கம். இதற்கான விலை கடுமையானது. செயலி உண்ணும் இயக்கத் திறன், வேகத்துக்கு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் கூடும். வேகம் 10 விழுக்காடும் மின்னழுத்தம் 10 விழுக்காடும் கூடினால் திறன் 1.1 × 1.1 × 1.1, அதாவது 33 விழுக்காடு கூடும். 100 வாட் செயலி 133 வாட் கேட்கும். இதன் மேல் கசிவு மின்னோட்டம் உண்டு. அது வெப்பத்தோடு சேர்ந்து வளரும், வளர்ந்து மேலும் வெப்பமூட்டும்.

வெப்பம் மிகும்போது செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. பல இன்டெல் செயலிகளுக்கு இந்த எல்லை 100 டிகிரி செல்சியஸ். ரைசன் 7000 வரிசைக்கு 95. இந்தப் பாதுகாப்பு சோதனை செய்பவரை ஏமாற்றக்கூடியது. 5 ஜிகாஹெர்ட்ஸ் என்று அமைத்துவிட்டு இரவு முழுதும் சோதனை ஓட்டி, காலையில் பிழையில்லை என்று மகிழ்ந்தால், செயலி வெப்பம் தாளாமல் 4.6க்கு இறங்கி ஓடியிருக்கலாம். அந்தச் சோதனை 5 ஜிகாஹெர்ட்ஸைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சோதனையின்போது உண்மையான வேகத்தையும் வெப்பத்தையும் பதிவு செய்யும் மென்பொருளும் ஓட வேண்டும்.

கணினி நிற்கவில்லை என்பதன் பொருள்

ஓவர்கிளாக் செய்த கணினி எவ்வாறு தவறுகிறது என்பதற்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனத்திலிருந்து இரண்டு நல்ல சான்றுகள் கிடைத்தன. முதலாவதை அந்நிறுவனத்தின் மென்பொருளாளர் ரேமண்ட் சென் 2005ல் எழுதினார். வாடிக்கையாளர்களின் விண்டோஸ் கணினிகளிலிருந்து வந்த முறிவு அறிக்கைகளில் சில நடக்கவே முடியாதவையாக இருந்தன. ஒரு பதிவகத்தைத் தன்னோடேயே எக்ஸார் செய்து சுழியாக்கும் கட்டளையில் நிரல் முறிந்திருந்தது. நினைவகத்தையே தொடாத கட்டளை அது, முறிவதற்கு வழியில்லை. விசாரித்தபோது பல கணினிகள் ஓவர்கிளாக் செய்யப்பட்டவை என்று தெரிந்தது. அவற்றின் உரிமையாளர்களில் சிலர் அப்படி ஒரு சொல்லையே கேள்விப்பட்டதில்லை. சிறு கடைகள் அவர்களுக்குத் தெரியாமலே வேகம் கூட்டி விற்றிருந்தன.

இரண்டாவது, 2011ல் அந்நிறுவனத்தின் ஆய்வாளர்கள் நைட்டிங்கேல், டூசர், ஒர்கோவன் ஆகியோர் ஏறத்தாழ பத்து லட்சம் கணினிகளின் பழுது விவரங்களை வைத்துச் செய்த ஆய்வு. ஓவர்கிளாக் செய்த செயலிகள் பழுதால் முறியும் வாய்ப்பு மற்றவற்றைவிடப் பல மடங்கு கூடுதலாக இருந்தது. வேகத்தைக் குறைத்து ஓட்டியவை இயல்பு வேகத்தில் ஓடியவற்றைவிட நம்பகமாக இருந்தன. ஒருமுறை இப்படி முறிந்த கணினி மீண்டும் முறியும் வாய்ப்பு மிகப் பெரிது என்றும் அந்த ஆய்வு காட்டியது. கணினி என்றோ ஒருநாள் தானாக மறுதொடக்கம் ஆனதை மின்சாரத்தின் மேல் பழிபோட்டு விட்டுவிடுவது நம் ஊர் வழக்கம். அந்தப் பழி எப்போதும் நியாயமல்ல.

முறிவைவிட ஆபத்தானது முறியாமல் வரும் தவறு. திருமண வீடியோ தொகுப்பவரின் கணினியில் இரவெல்லாம் ஓடிய வெளியீட்டில் ஒரு நொடி நேரம் சதுரச் சதுரமாகச் சிதைந்திருக்கலாம். சுருக்கிய கோப்பைத் திறக்கும்போது சரிபார்ப்புத் தொகை பொருந்தவில்லை என்ற செய்தி வரலாம். அடுத்தமுறை திறந்தால் வராமலும் போகலாம். வன்வட்டில் எழுதும் முன்பே பிட் மாறியிருந்தால், பத்திரமாகச் சேமிக்கப்படுவது தவறான கோப்பு. அதன் மறுபடியும் தவறானது. நிலைப்புச் சோதனை இந்த வகைத் தவறைப் பிடிப்பதற்காகவே இருக்கிறது. கணினி ஓடுகிறதா என்று பார்க்க அத்தனை மணிநேரம் தேவையில்லை.

சோதனைகள்

நிலைப்புச் சோதனை எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: விடை முன்பே தெரிந்த கணக்கைக் கொடுத்து, செயலியை முழுமூச்சில் போடவைத்து, விடையை ஒப்பிடுவது. வெறுமனே செயலியைச் சூடாக்கி விடையைப் பார்க்காத மென்பொருள் குளிர்விப்பைச் சோதிக்க உதவும், நிலைப்பைச் சோதிக்காது.

இவற்றில் நெடுநாளாக அளவுகோலாக இருப்பது பிரைம்95. அது ஓவர்கிளாக்கிங்குக்காக எழுதப்பட்டதன்று. மெர்சென் பகா எண்களைத் தேடும் கூட்டுத் திட்டத்துக்காக ஜார்ஜ் வோல்ட்மன் 1996ல் தொடங்கியது. கோடிக்கணக்கான இலக்கங்கள் கொண்ட எண்களை நாள்கணக்கில் பெருக்கிக்கொண்டே போகும் அந்தக் கணக்கில் ஒரு பிட் மாறினால் முழு உழைப்பும் வீண். எனவே ஒவ்வொரு படியிலும் தன்னைத் தானே சரிபார்க்கும் வழி அதில் இருந்தது. பெரிய எண்களைப் பெருக்க அது விரைவு ஃபூரியர் மாற்றத்தைத் தசமப் புள்ளி எண்களில் செய்கிறது. முடிவில் வருபவை முழு எண்களாக இருக்க வேண்டும். சிறு முழுமையாக்கல் பிழை மட்டும் ஒட்டியிருக்கும். ஓர் எண் தன் அருகிலுள்ள முழு எண்ணிலிருந்து 0.4க்கு மேல் விலகி நின்றால், அது எந்த முழு எண்ணைச் சேர்ந்தது என்றே சொல்ல முடியாத நிலைக்கு வந்துவிட்டது. அப்போது பிரைம்95 பிழை அறிவித்து அந்தக் கருவின் சோதனையை நிறுத்துகிறது. 2016 ஜனவரியில், ஓவர்கிளாக் செய்யாத இன்டெல் ஸ்கைலேக் செயலிகளும் இந்த மென்பொருளின் ஒரு குறிப்பிட்ட கணக்கில் உறைவது கண்டுபிடிக்கப்பட்டது. இன்டெல் அதை ஒப்புக்கொண்டு பயாஸ் வழியே திருத்தம் தந்தது. தொழிற்சாலைச் சோதனையைத் தாண்டி வந்த பழுதை ஒரு பகா எண் நிரல் பிடித்தது சிறிய செய்தியல்ல.

பிரைம்95ல் சிறிய மாற்று அளவுகள் செயலியின் கருக்களை மிக அதிகமாகச் சூடாக்கும். பெரிய அளவுகளும் கலப்புச் சோதனையும் நினைவகத்தையும் அதன் கட்டுப்படுத்தியையும் சேர்த்து வருத்தும். லின்பேக், ஒய்-க்ரஞ்சர், ஓ.சி.சி.டி. ஆகியவை வேறு வகைக் கணக்குகளால் வேறு பகுதிகளைச் சோதிக்கின்றன. ஒன்றில் தேறியது இன்னொன்றில் விழுவது இயல்பு.

முழுச் சுமை மட்டும் போதாது. எல்லாக் கருக்களும் வேலை செய்யும்போது செயலி சற்றுக் குறைந்த வேகத்தில் ஓடுகிறது. ஒரே கரு வேலை செய்யும்போதுதான் உச்ச வேகத்துக்குப் போகிறது. சுமை திடீரென ஏறும் கணத்தில் மின்னழுத்தம் ஒரு சொட்டு சரிந்து மீள்கிறது. இரவெல்லாம் பிரைம்95ல் தேறிய கணினி, காலையில் ஒரு பாட்டு கேட்கும்போது உறைவதற்கு இதுவே காரணம். கருக்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கும் கோர்சைக்ளர் போன்ற கருவி இதற்காக வந்தது.

எவ்வளவு நேரம் ஓட்ட வேண்டும் என்பதற்குப் பழக்கத்தில் பல எண்கள் சொல்லப்படுகின்றன. கணக்காகப் பார்ப்பது நல்லது. சராசரியாக நான்கு மணிநேரத்துக்கு ஒருமுறை பிழைவிடும் கணினியை ஒரு மணிநேரம் சோதித்தால், அது பிழையின்றித் தேறும் வாய்ப்பு ஏறத்தாழ 78 விழுக்காடு. பன்னிரண்டு மணிநேரம் ஓட்டினால் அந்த வாய்ப்பு 5 விழுக்காடாகக் குறைகிறது. மறுபக்கமாகவும் பார்க்கலாம். 24 மணிநேரம் பிழையின்றி ஓடியது என்றால், 95 விழுக்காட்டு உறுதியோடு சொல்லக்கூடியது இவ்வளவுதான்: பிழைகளுக்கு இடைப்பட்ட சராசரி நேரம் எட்டு மணிநேரத்தைவிடக் கூடுதல். அன்றாடம் பயன்படும் கணினிக்கு இந்த உறுதி போதாது. சோதனை நேரத்தை மட்டும் நீட்டிக்கொண்டே போய் இதைச் சரிசெய்ய முடியாது. தேறிய வேகத்திலிருந்து 100 மெகாஹெர்ட்ஸாவது கீழே இறக்கி வைப்பதே வழி. நெருக்கடிப் பாதைக்குச் சற்று நேரம் கிடைத்தாலே பிழைவாய்ப்பு மிகச் செங்குத்தாகக் குறைந்துவிடும்.

வேலை வரிசையில் முதலில் வருவது, எதையும் மாற்றாத நிலையில் ஒருமுறை சோதிப்பது. தொழிற்சாலை அமைப்பிலேயே பிழைவிடும் கணினிகள் உண்டு; அதைத் தெரியாமல் வேகம் கூட்டினால் பிழையின் மூலம் கடைசிவரை பிடிபடாது. அடுத்து நினைவகத்தைத் தனியே மெம்டெஸ்ட்86+ கொண்டு சோதிக்க வேண்டும். எக்ஸ்.எம்.பி. என்று பயாஸில் ஒரு சொடுக்கில் வரும் அமைப்பும் நினைவகத்தை ஓவர்கிளாக் செய்வதுதான் என்பதைப் பலர் உணர்வதில்லை. அதன் பின் பெருக்கியை ஒவ்வொன்றாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் கால்மணி நேரச் சோதனை. பிழை வந்தால் 0.01 அல்லது 0.02 வோல்ட் ஏற்றுவது, அல்லது ஒரு படி இறங்குவது. வெப்பம் எல்லையை நெருங்கினால் அங்கேயே நிறுத்திக்கொள்வது. இறுதியாகத் தேர்ந்த அமைப்புக்கு நீண்ட சோதனை.

இவை அனைத்துக்கும் முன் கோப்புகளின் நகலை வேறு வட்டில் எடுத்து, அந்த வட்டைக் கழற்றி வைத்துவிட வேண்டும். சோதனை ஓடும் வேளையில் இயக்குதளமும் அதே நம்பகமற்ற செயலியில்தான் ஓடுகிறது, கோப்பமைப்பு சிதையக்கூடும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் டபிள்யூ.எச்.இ.ஏ. என்ற தலைப்பில் வரும் குறிப்புகளையும் பார்க்க வேண்டும். செயலி தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொண்ட பிழைகள் அங்கே பதிவாகின்றன. சோதனை தேறியும் அங்கே வரிசையாகக் குறிப்புகள் இருந்தால் அமைப்பு விளிம்பில் நிற்கிறது.

கடலோரத்தில்

குளிர்விப்பான் செயலியின் வெப்பத்தை அறைக் காற்றுக்குக் கடத்துகிறது. ஆகவே செயலியின் வெப்பநிலை அறையின் வெப்பநிலை மேல் ஏறி நிற்கிறது. ஒரு வாட்டுக்கு 0.25 டிகிரி என்ற திறமுள்ள குளிர்விப்பான் 160 வாட்டைக் கடத்தும்போது 40 டிகிரி கூடுகிறது. அறை 24 டிகிரியானால் 64, அறை 34 ஆனால் 74. சில்லின் உட்பகுதி இதைவிடச் சூடாக இருக்கும். கசிவு மின்னோட்டம் இன்னும் ஓரிரு டிகிரி சேர்க்கும். கடல் காற்று கடியப்பட்டணத்தின் பகல் உச்சத்தை உள்நாட்டு ஊர்களைவிடத் தணித்தே வைக்கிறது. ஆனால் இரவிலும் வெப்பம் பெரிதாக இறங்குவதில்லை. கான்கிரீட் கூரையின் கீழுள்ள அறை சித்திரை மாதத்தில் பிற்பகல் தொடங்கி நள்ளிரவு வரை சூட்டை விடாது. ஆனி, ஆடி மழையில் தேறிய அமைப்பு சித்திரையில் விழலாம். சோதிக்க உரிய நாள் ஆண்டின் மிகச் சூடான நாள். உரிய நேரம் பிற்பகல். அதுவரை காத்திருக்க முடியாதவர் சன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்திச் சோதிக்கலாம்.

இந்தச் சூழலில் அறை வெப்பத்துக்குக் கீழே குளிர்விக்கும் முறைகள் ஒத்துவருவதில்லை. 31 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றின் பனிநிலை ஏறத்தாழ 27 டிகிரி. அதற்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் துளிக்கும். ஐஸ் பெட்டி நீரைக் குழாயில் சுற்றவிடும் வீட்டு முயற்சிகள் மதர்போர்டை நனைப்பதில்தான் முடியும். 2022 டிசம்பரில் இன்டெல் கோர் ஐ9-13900கே செயலியை 9 ஜிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓட்டியவர்கள் திரவ ஹீலியம் பயன்படுத்தினார்கள். சுற்றிலும் பனிக்காப்பு போட்டே செய்தார்கள். அத்தகைய சாதனைகளில் செயலி சில கணங்கள் நின்றால் போதும். அந்த எண்களுக்கும் அன்றாட நிலைப்புக்கும் தொடர்பில்லை.

உப்பு மெதுவான எதிரி. அலை உடையும் கரையிலிருந்து எழும் நுண்துளிகள் காற்றோடு வீட்டுக்குள் வந்து, உலர்ந்து, தூசியோடு சேர்ந்து மின்பலகைகளில் படிகின்றன. சோடியம் குளோரைடு உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டியதும் தானே நீரை உறிஞ்சிக் கரைசலாகும் இயல்புள்ளது. கரைசல் மின்கடத்தி, செம்பையும் ஈயப்பற்றையும் அரிக்கும். ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் உட்புறம் சூடாக இருப்பதால் அங்கே ஈரப்பதம் தணிந்திருக்கும். அணைத்து வைத்த கணினிக்கே ஆபத்து கூடுதல். வெளிநாடு போனவரின் அறையில் மழைக்காலம் முழுதும் மூடிக் கிடந்த கணினி, தினமும் ஓடிய கணினியைவிட விரைவில் கெடுவது இதனால்தான். ஈரம் கலந்த தூசி, குளிர்விப்பானின் தகடுகளுக்கிடையே பிசின்போல் அடைத்துக்கொள்வதும் உண்டு. உள்நாட்டில் ஆறு மாதத்துக்கொருமுறை செய்யும் துப்புரவை இங்கே இரண்டு மூன்று மாதத்துக்கொருமுறை செய்ய வேண்டும். நினைவகத் தகடுகளைக் கழற்றித் தொடுமுனைகளைத் துடைத்து மாட்டினாலே தீர்ந்துவிடும் பிழைகள் பல. அவற்றை வேகம் கூட்டியதன் பிழையென்று எண்ணி மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போவது வீண் வேலை.

மின்சாரம் அடுத்தது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரு சுழற்சி 20 மில்லிநொடி. கணினியின் எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கி, உள்வரும் மின்சாரம் அறுந்தாலும் தன் மின்தேக்கியில் உள்ளதைக் கொண்டு 16 மில்லிநொடி அளவு தாக்குப்பிடிக்க வேண்டுமென வடிவமைப்பு வழிகாட்டிகள் கேட்கின்றன. குறைந்த சுமையில் இன்னும் நெடுநேரம் தாங்கும். யு.பி.எஸ். மாறுவதற்குச் சில மில்லிநொடிகள் போதும் என்பதால் இது பொதுவாகச் சிக்கலில்லை. ஓவர்கிளாக் செய்து சுமை ஏறிய பிறகு, முன்பு விளக்கு மட்டும் மினுக்கிய மின்சார நலிவில் கணினி மறுதொடக்கம் ஆகலாம். வீடுகளில் பரவலாக உள்ள 600 வி.ஏ. யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட்தான் தரும். கிராஃபிக்ஸ் அட்டையும் வேகம் கூட்டிய செயலியும் சேர்ந்து அதைத் தாண்டினால், மின்வெட்டு வந்ததும் யு.பி.எஸ். கைவிட்டுவிடும். சோதனையின்போது கணினி நின்றால், செயலியா மின்சாரமா என்று பிரித்தறிய எளிய வழி உண்டு. செயலிப் பிழை பெரும்பாலும் நீலத்திரையாகவோ பிழைச் செய்தியாகவோ உறைவாகவோ வரும். முன்னறிவிப்பின்றிச் சட்டென அணைந்து எழுவது மின்வழங்கிப் பக்கம் கைகாட்டும். ஆயினும் இது உறுதியான விதியல்ல.

இந்தக் கரையில் ஒரு தனிக் கேள்வியும் எழக்கூடும். அருகிலுள்ள மணவாளக்குறிச்சியில் ஐ.ஆர்.இ.எல். நிறுவனத்தின் கனிம மணல் ஆலை இருக்கிறது. இப்பகுதி மணலில் உள்ள மோனசைட்டில் தோரியம் உண்டு. இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிடக் கூடுதல். கதிர்வீச்சு நினைவகப் பிட்டுகளைப் புரட்டும் என்பதும் உண்மை. 1978ல் இன்டெல்லின் திமத்தி மே, முர்ரே வுட்ஸ் இருவரும் அதைக் கண்டறிந்தபோது குற்றவாளியாக நின்றது, சில்லைப் பொதிந்த பீங்கானில் மிகச் சிறு அளவில் கலந்திருந்த யுரேனியமும் தோரியமும்தான். ஆனால் அந்தத் தோரியம் சில்லைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதன் ஆல்ஃபா துகள்களை ஒரு தாள்கூடத் தடுத்துவிடும்; கடற்கரை மணலிலிருந்து கிளம்பி கணினிப் பெட்டியைத் துளைத்து வர அவற்றால் இயலாது. ஊடுருவி வரும் காமாக் கதிர், ஒரே இடத்தில் பிட்டைப் புரட்டும் அளவு மின்னூட்டத்தைப் பொதுவாக விட்டுச்செல்வதில்லை. எனவே கடியப்பட்டணத்தில் ஒரு கணினி சோதனையில் விழுந்தால், மணலைச் சந்தேகிக்கும் முன் நினைவகத்தையும் மின்னழுத்தத்தையும் சந்தேகிப்பது பொருத்தம்.

செயலியின் தேய்வு

கூடுதல் மின்னழுத்தமும் வெப்பமும் டிரான்சிஸ்டர்களை மெல்ல மெல்லத் தளரச் செய்கின்றன. முதல் ஆண்டில் 1.30 வோல்ட்டில் நிலையாக ஓடிய வேகத்துக்கு மூன்றாம் ஆண்டில் 1.33 தேவைப்படலாம். இதை ஓவர்கிளாக் செய்பவர்களின் தனிச் சிக்கலாகவே பலர் கருதிவந்தார்கள். 2024ல் அந்த எண்ணம் மாறியது. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகளில் பல, தொழிற்சாலை அமைப்பிலேயே நாளடைவில் நிலைப்பை இழந்தன. செயலி கேட்டுப் பெற்ற மின்னழுத்தமே மிகையாக இருந்ததும், அதனால் அது நிலையாக ஓடத் தேவையான குறைந்தபட்ச மின்னழுத்தம் உயர்ந்துவிட்டதும் காரணமென நிறுவனம் விளக்கியது. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மைக்ரோகோடு திருத்தங்கள் வந்தன. உத்தரவாதம் இரண்டாண்டு நீட்டிக்கப்பட்டது. திருத்தம் மேலும் தேய்வதைத் தடுக்கும், தேய்ந்ததை மீட்காது. அந்தச் செயலிகள் வெளிப்படுத்திய அறிகுறிகளில் ஒன்று, விளையாட்டு தொடங்கும்போது கிராஃபிக்ஸ் நினைவகம் போதவில்லை என்ற செய்தி. உண்மையில் நினைவகம் போதுமானதாக இருந்தது. சுருக்கிய தரவை விரிக்கும் கணக்கில் செயலி தவறியதை நிரல் அப்படிப் புரிந்துகொண்டது. பலர் கிராஃபிக்ஸ் அட்டையைச் சந்தேகித்தார்கள்.

சென்னை ரிச்சி தெருவிலோ நாகர்கோவிலிலோ பழைய கே வகைச் செயலி வாங்குபவர், அது முன்பு எந்த மின்னழுத்தத்தில் ஓடியது என்று அறிய வழியில்லை. வாங்கியவுடன் தொழிற்சாலை அமைப்பில் ஓர் இரவு பிரைம்95 ஓட்டிப் பார்ப்பது, கடைக்காரர் தரும் சில நாள் மாற்று உறுதிக்குள் செய்யவேண்டிய வேலை. ஏற்கெனவே ஓவர்கிளாக் செய்து ஓடும் கணினியையும் ஆண்டுக்கொருமுறை, தெர்மல் பேஸ்ட் மாற்றும்போது, மீண்டும் சோதிக்க வேண்டும்.

வேகத்தை மாற்றாமல் மின்னழுத்தத்தை மட்டும் குறைக்கும் அண்டர்வோல்ட்டிங், வெப்பமான ஊர்களில் இப்போது பலருக்கும் ஏற்ற வழியாகியிருக்கிறது. 1.25 வோல்ட்டை 1.20க்கு இறக்கினால் இயக்கத் திறன் ஏறத்தாழ 8 விழுக்காடு குறையும். வெப்பம் தணிவதால் டர்போ வேகம் கூடுதல் நேரம் நிற்கும். மின்கட்டணமும் விசிறியின் இரைச்சலும் குறையும். ஆனால் மின்னழுத்தம் குறையும்போதும் நெருக்கடிப் பாதையின் நேரம் நீள்கிறது. பிழை வரும் விதமும் ஓவர்கிளாக்கிங்கில் வருவது போன்றதே. சோதனைகளும் அவையேதான். இதில் கணினி வேலையின்றி இருக்கும் நேரத்தையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும், ஏனெனில் மின்னழுத்தம் மிகக் கீழே இறங்குவது அப்போதுதான்.